டேங்குக்கு எத்தனை மூடி?

பூச்சிமருந்து பாட்டிலின் மூடி எத்தனை மில்லி பிடிக்கும் தெரியுமா? தெரியாவிட்டால் குற்றமில்லை. நகரத்தில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் இருமல் மருந்து மூடி போதும். ஆனால் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறவருக்கு அந்த மூடிதான் அளவுகோல். 'டேங்குக்கு எத்தனை மூடி?' என்பது உரக்கடைகளில் தினம் கேட்கிற கேள்வி.

அதற்கான பதில் அரசாங்கத் துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறதா? இருக்கிறது. எப்படி என்றால், இன்ன மருந்து ஹெக்டேருக்கு 500 மில்லி, 500 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கப்பட வேண்டும் என்கிற மாதிரி இருக்கும்.

நம் விவசாயிக்கு இருப்பது ஒன்றேகால் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆக, அவருடையது அரை ஹெக்டேர். அதற்கு 250 மில்லி மருந்து, 250 லிட்டர் தண்ணீர். டேங்க் 10 லிட்டர் என்றால் 25 டேங்க் அடிக்க வேண்டும், டேங்குக்கு 10 மில்லி. எழுதிய அதிகாரிக்கு இது ஒரு நிமிஷ வேலை. அவர் செய்யவில்லை. கடைக்காரர் செய்கிறார். 'ரெண்டு மூடி ஊத்துங்கண்ணே' என்று சொல்லிவிட்டு, 'கூடவே இதையும் கொஞ்சம் கலந்துக்குங்க, நல்லா கேக்கும்' என்று இன்னொரு பாட்டிலையும் எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

அந்த இன்னொரு பாட்டில் எப்படி அங்கே வந்தது என்பதுதான் இந்த வாரம் விஷயம்.

*

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம். சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். விவசாயிக்குப் பாடம் சொல்வதற்கென்றே தமிழில் பல பத்தாண்டுகளாக ஒரு பெரிய இலக்கியம் உற்பத்தியாகி வருகிறது. துண்டுப்பிரசுரம், கையேடு, வானொலிப் பேச்சு, டி.வி. நிகழ்ச்சி, இப்போது செல்போன் செயலி. எல்லாம் பெரும்பாலும் நம் வரிப்பணம். இதற்கு மட்டும் விமர்சகர் கிடையாது. நாம் படிப்பதில்லை, ஆகவே அது நன்றாக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. சரி, படிக்க வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்ததா?

2003-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் இதைக் கேட்டது. புதிய சாகுபடி முறைகள் பற்றி ஏதாவது ஒரு வழியில் தகவல் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 100-க்கு 40 பேர்தான். யாரிடமிருந்து என்று கேட்டால், முன்னோடி விவசாயிகளிடமிருந்து என்றவர்கள் 17 பேர். விதை, உரக் கடைக்காரர் என்றவர்கள் 13 பேர். வானொலி என்றவர்களும் 13 பேர். இதற்கென்றே சம்பளம் வாங்கும் அரசு விரிவாக்கப் பணியாளர் என்றவர்கள் 6 பேர். ஆடு, மாடு வளர்ப்பு பற்றி ஏதாவது தகவல் கிடைத்ததா என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள் 100-க்கு சுமார் 5 பேர்.

பழைய கணக்குதான். கிராமத்துக்குள் செல்போன் சரியாக நுழையாத காலம். இருந்தாலும் அதுவரைக்குமான அரை நூற்றாண்டு உழைப்பின் மார்க் ஷீட் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். வாத்தியாரைவிடக் கடைக்காரருக்கு இரண்டு மடங்கு மாணவர்கள்.

கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் காலையிலேயே கடையைத் திறக்கிறார். கடன் தருகிறார். வருகிறவரின் பேரும், நிலம் எங்கே இருக்கிறது என்பதும், போன போகத்தில் என்ன ஆச்சு என்பதும் அவருக்குத் தெரியும். ஊர்ப் பேச்சில் பேசுகிறார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார். நல்ல வாத்தியாருக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருக்கிறது. ஒரே சிக்கல், அவருடைய வருமானம் பாட்டிலிலிருந்து வருகிறது.

அப்படியானால் சம்பளம் வாங்கும் வாத்தியார் எங்கே கோட்டை விட்டார்?

*

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். வேளாண்மைத் தமிழில் மூன்று சொற்கள் இருக்கின்றன: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியத்துக்கு யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர்கள். நைட்ரஜன் போட்டால் பயிர் தழைக்கும். பாஸ்பரஸ் மணி பிடிப்பதற்கு உதவும். பொட்டாஷ் என்கிற இங்கிலீஷ் வார்த்தையே, சாம்பலைச் சட்டியில் காய்ச்சி எடுத்ததால் வந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூட இந்தச் சொற்களைக் கேட்டால் எது எதற்கு என்று பாதி ஊகித்துவிடலாம். பெயரிலேயே பாடம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குக் கலைச்சொல் உண்டாக்குகிறவர்கள் இவர்களிடம் ட்யூஷன் படிக்கலாம்.

விவசாயிகள் வைத்த பெயர்களும் இதே ரகம். 'புகையான்' என்ற பூச்சி நெற்பயிரின் தூரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து புகைந்துபோன மாதிரி ஆகும். பெயரைச் சொன்னாலே அடையாளம் தெரிந்துவிடும்.

இவ்வளவு நல்ல சொற்களை வைத்துக்கொண்டு வாக்கியத்தில் கோட்டை விட்டார்கள். துண்டுப்பிரசுரத் தமிழில் எல்லாமே செய்யப்பட வேண்டும். விதைநேர்த்தி செய்யப்பட வேண்டும், களை அகற்றப்பட வேண்டும், குடற்புழு நீக்கப்பட வேண்டும். யார் செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு, அதற்கு ஆள்கூலி எவ்வளவு, மழை வந்துவிட்டால் என்ன பண்ணுவது, ஒன்றும் கிடையாது. ஏன் செய்ய வேண்டும் என்பதும் பல சமயம் இல்லை. உத்தரவுக்குக் காரணம் சொல்லும் பழக்கம் ஆபீஸ்களில் இல்லாததால் இருக்கலாம்.

உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று சிபாரிசு இருந்தால், ஏக்கருக்கு 60 கிலோ. கடையில் தழைச்சத்து என்று ஒரு மூட்டை விற்பதில்லை. யூரியா விற்கிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். எனவே 130 கிலோ யூரியா வேண்டும். மூட்டைக்கு 45 கிலோ என்றால் கிட்டத்தட்ட மூன்று மூட்டை. ஏற்கெனவே டி.ஏ.பி. போட்டிருந்தால் அதிலும் 18 சதவீதம் தழைச்சத்து உண்டு, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று மூட்டையையும் ஒரே நாளில் கொட்டினால் பாதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும், பிரித்துப் போட வேண்டும்.

இத்தனையும் 'ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா, டி.ஏ.பி. போட்டவங்க குறைச்சுக்குங்க, மூணு தடவையா பிரிச்சுப் போடுங்க, ஒரேயடியா போட்டா காசு காத்துல போயிடும்' என்று இரண்டு வரியில் எழுதக்கூடியது. அப்படி எழுதினால் கௌரவக் குறைச்சல் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அது விஞ்ஞானம் மாதிரி இல்லையாம்.

நம்மாழ்வாரின் எல்லாக் கருத்துக்களையும் வேளாண் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. 2013-ல் அவர் மறைந்த பிறகும் அந்தச் சண்டை தொடர்கிறது. ஆனால் 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த அந்த மனிதர் பேசினால் விவசாயிகள் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் பேச்சில் செயப்பாட்டு வினை அதிகம் இருக்காது. அவரோடு சண்டை போடுகிறவர்கள் அதையாவது அவரிடம் கடன் வாங்கியிருக்கலாம்.

*

நல்லபடி நடந்த கதையும் நம்மிடம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-களில் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர். நிஜப் பெயர் ஆடுதுறை 27. ஜப்பானிய நெல்லையும் நம் ஊர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கியது. குறுகிய காலப் பயிர், குறுவைக்கு ஏற்றது. 1960-களின் நடுவில் திருச்சி வானொலி இதைப் பற்றி விடாமல் பேசியது. எப்போது நாற்றுவிடுவது, எப்போது உரம் போடுவது என்று பருவத்தோடு கூடவே வந்தது. விவசாயிகள் கடையில் போய் 'ரேடியோவில் சொன்னாங்களே, அந்த நெல்' என்று கேட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் வேறு எந்த வானொலி நிலையத்தின் பேரிலாவது நெல் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் எழுதலாம்.

வானொலியால் மட்டும் இது நடக்கவில்லை. 1960-61-லேயே தஞ்சாவூர், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் சேர்ந்திருந்தது. விதை கிடைத்தது, உரம் கிடைத்தது, கடன் கிடைத்தது, கிராம சேவக் நேரில் வந்தார். ரேடியோ சொன்னது மறுநாள் கையில் கிடைக்கிறபடி இருந்தது. பாடம் ஒரு பக்கம், பண்டம் ஒரு பக்கம் என்று இல்லை. இன்றைக்கு டி.வி.யில் ஒரு புது ரகத்தைப் பற்றிச் சொல்கிறார்கள், விதை கேட்டால் 'இன்னும் வரலை' என்று பதில் வந்தால், அந்த விவசாயி அடுத்த வாரம் டி.வி.யைத் திருப்பிப் பார்ப்பாரா?

இதற்கும் முன்னால், 1956-ல், பூனா பக்கம் ஆகாசவாணியும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஒரு சோதனை செய்தன. சுமார் 150 மராத்தி கிராமங்கள். பத்து வாரம், வாரம் இரண்டு நிகழ்ச்சி. ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேர் மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள். ரேடியோவை அணைத்ததும் கலைந்து போகக்கூடாது, கேட்டதைப் பற்றிப் பேச வேண்டும். சந்தேகத்தை எழுதி அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் பின்னால் ஒலிபரப்பாகும். ஒப்பிட்டுப் பார்க்க, ரேடியோ மட்டும் இருந்து இந்தப் பேச்சுக்குழு இல்லாத கிராமங்களையும் எடுத்துக்கொண்டார்கள். பேசிய கிராமங்கள் வெகுதூரம் முன்னால் போயிருந்தன. ரேடியோ இருந்தும் பேசாத கிராமங்களில் பெரிய மாறுதல் இல்லை.

அதாவது, கற்றுக்கொள்வது பெட்டியை அணைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இது 1956-லேயே நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு என்ன செய்தோம்?

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. 'வயலும் வாழ்வும்' உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆரம்ப வருஷங்களில் நிலையத்தின் வீச்சு சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. ஆகவே தென்னையில் காண்டாமிருக வண்டு பற்றி மாம்பலமும் மயிலாப்பூரும் ஆழ்ந்து கற்றுக்கொண்டன. 'ஒளியும் ஒலியும்' எப்போது வரும் என்று காத்திருந்த ஒரு தலைமுறைக்கு விவசாயம் என்றாலே கொட்டாவி என்று பதிந்துபோனதில் இதற்குப் பங்கு உண்டு. நாற்காலியில் நிபுணர், எதிரே கேள்வி கேட்பவர். அவர் விவசாயி அல்ல, நிலைய ஊழியர். கேள்வியும் நிலையத்திலேயே தயாரானது. விவசாயியின் சந்தேகம் அந்த ஸ்டூடியோவுக்குள் அபூர்வமாகத்தான் வந்தது.

*

விவசாயியின் சந்தேகத்தையே பாடமாக வைத்த இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தோனேஷியா வரை போக வேண்டும், பஸ் செலவு நம்முடையது அல்ல.

1980-களின் நடுவில் அங்கே புகையான் அட்டகாசம். அரசாங்கம் பூச்சிமருந்துக்குப் பெரிய மானியம் கொடுத்துவந்தது. மருந்து மலிவு, ஆகவே நிறைய அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் கூடியது. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: மேலே தெளிக்கிற மருந்தில் புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் முதலில் செத்துப்போகின்றன. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பொரித்து வெளியே வரும்போது எதிரி யாருமில்லை. 1986-ல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார். மானியமும் அடுத்த சில வருஷங்களில் நின்றது.

தடை போட்டால் மட்டும் போதுமா? மருந்தடித்தே பழகின கை சும்மா இருக்காது. 1989-ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்போடு சேர்ந்து வயல்வெளிப் பள்ளிகளை ஆரம்பித்தார்கள். ஒரு போகம் முழுக்க வாரம் ஒருநாள், சுமார் 25 விவசாயிகள். கட்டடம் கிடையாது, வயல்தான் வகுப்பு. காலையில் வயலில் இறங்கி தூர் தூராகப் பார்த்து, என்னென்ன பூச்சி, எத்தனை, இலை எப்படி, தண்ணீர் எவ்வளவு என்று எண்ணிக்கொண்டு வரவேண்டும். வந்து பெரிய தாளில் படமாக வரைய வேண்டும். பிறகு 'இந்த வாரம் மருந்து தேவையா?' என்று அவர்களே வாதாடி முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வாத்தியாருக்குக் கொடுத்த பயிற்சி. 'சார், இது என்ன பூச்சி?' என்று யாராவது கேட்டால் உடனே பெயரைச் சொல்லக்கூடாது. 'எங்கே பார்த்தீங்க? என்ன பண்ணிக்கிட்டு இருந்தது? பக்கத்துல வேற என்ன இருந்தது?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்தப் பூச்சியையும் ஒரு சிலந்தியையும் ஒரே கூண்டில் போட்டு வைத்து யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு பாத்தியில் இளம்பயிரின் இலைகளைக் கத்தரியால் பாதி வெட்டிவிட்டு, விளைச்சல் குறைகிறதா என்று அறுவடை வரை காத்திருந்தார்கள். இளவயதில் இழந்த இலையைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொண்டுவிடுகிறது. நாலு இலையில் ஓட்டை பார்த்ததுமே கடைக்கு ஓட வேண்டாம் என்பதை எத்தனை பிரசுரம் அடித்துக் கொடுத்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். தன் கையால் வெட்டிப் பார்த்தவர் நம்பினார்.

நம் நாட்டுக்கும் இது 'உழவர் வயல்வெளிப் பள்ளி' என்ற பெயரில் வந்தது. அதற்கு முன்னாலேயே, செய்து பார்த்துக் கற்பது என்ற கொள்கையோடு நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஆரம்பித்தது. இப்போது நாடெங்கும் 700-க்கு மேல் இருக்கின்றன. ஜில்லாவுக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு ஜில்லாவில் எத்தனை லட்சம் விவசாயிகள் என்று வகுத்துப் பார்த்தால் பெருமூச்சு வரும். வயல்வெளிப் பள்ளியில் ஒரு போகம் முழுக்கப் போக வேண்டிய இடத்தில், பந்தல் போட்டு, பேனர் கட்டி, ஒருநாள் சொற்பொழிவும் சாம்பார் சாதமுமாக முடித்துவிடும் ஆசை எந்த அதிகாரிக்கும் வரும். ஆண்டறிக்கையில் 'பயிற்சி பெற்றோர்' என்ற எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதானே?

*

இனி மாட்டுக்கு வருவோம். 100-க்கு 5 என்ற அந்தக் கணக்கு என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. விவசாய உற்பத்தியின் மதிப்பில் கால் பங்குக்கும் மேல் கால்நடையிலிருந்து வருகிறது. நிலமே இல்லாதவருக்கும் ஒரு மாடு, நாலு ஆடு இருக்கும். வெள்ளாமை பொய்த்த வருஷத்தில் பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் அதிலிருந்துதான் வரும். நம்மிடம் இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-லிருந்து இருக்கிறது. அதன் தாய்க் கல்லூரி வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. போய்ச் சேர்கிற பாதையில்தான் பஞ்சம்.

ஓர் உதாரணம். கறவை மாடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை சினைப்பருவத்துக்கு வரும். அது பெரும்பாலும் ஒரு நாள்கூட நீடிப்பதில்லை. காலையில் அறிகுறி தெரிந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,150 ரூபாய் சும்மா போச்சு. இரண்டு மூன்று தடவை தவறினால் அந்த வருஷ லாபமே காலி.

அறிகுறி என்ன? மாடு கத்தும், தீனியில் நாட்டம் குறையும், பால் குறையும், மற்ற மாட்டின்மேல் தாவும், பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தொங்கும். எருமையில் இன்னும் கஷ்டம். கத்தாமலே வந்துபோகும் ஊமைப் பருவம் உண்டு. விடிகாலையிலும் அந்திநேரத்திலும் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் தொழுவத்தில் நிற்பது யார்? சாணி அள்ளுகிற, பால் கறக்கிற, புல் போடுகிற பெண். பயிற்சி முகாமுக்கு அழைப்பு யார் பேருக்கு வருகிறது? நிலப் பட்டாவோ கடன் புத்தகமோ யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கேட்டு, டீ குடித்துவிட்டு வருகிறார். வீட்டில் வந்து சொல்கிறாரா? உங்கள் வீட்டு அனுபவத்தை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் தேனி மாவட்டத்தில் இருந்தார்கள். 'விடியல்' என்ற பெண்கள் அமைப்பு. கனடாவிலிருக்கும் காமன்வெல்த் கற்றல் அமைப்பு, நம் கால்நடைப் பல்கலைக்கழகம், ஒரு வங்கி எல்லாம் சேர்ந்து 2008-09 வாக்கில் செய்த காரியம். சுமார் 300 பெண்கள் ஆடு வளர்க்கக் கடன் கேட்டார்கள். ஆளுக்கு ஒன்பது பெண்ணாடு, ஒரு கிடா. கொட்டகைக்கு, தீவனப் பயிருக்கு, இன்ஷூரன்ஸுக்கு. அதே கடனில் செல்போனும் ஒன்று. ஆடு வளர்க்கத் தேவையான சாமான் என்றே செல்போனைக் கணக்கில் எழுதினார்கள்.

அந்த போனுக்குத் தினம் சில குரல் செய்திகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்குள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, காதில் வைத்தால் போதும். பாடம் அந்தப் பக்கத்துப் பேச்சுத் தமிழில். ஆடு மேய்த்துக்கொண்டே கேட்கலாம். வகுப்புக்காக ஒருநாள் கூலியை இழக்க வேண்டாம். சாயங்காலம் சங்கத்தில் கூடும்போது 'இன்னிக்கு என்ன சொன்னான்?' என்று பேசிக்கொள்ளலாம். பூனாவில் 1956-ல் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் செய்ததும் இதுவேதான்.

ஒரு நிமிஷக் குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. திரும்பிக் கேள்வி கேட்கவும் முடியாது. அதற்குச் சங்கமும் டாக்டரும் வேண்டும். ஆனால் இந்த ஏற்பாட்டில் பாடம் சரியான ஆளின் காதுக்குப் போனது. மேலும், கடன் கொடுத்தவர்களுக்கும் அவள் கற்றுக்கொள்வதில் அக்கறை இருந்தது. ஆடு செத்தால் வங்கிக்கும் நஷ்டம். பாடம் தப்பினால் சொன்னவருக்கும் கொஞ்சம் வலிக்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் ஊர் விவசாயக் கல்வியில் அபூர்வம்.

*

இப்போது யூ டியூப் காலம். நல்லதும் கெட்டதுமாகக் கொட்டிக் கிடக்கிறது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் வைத்தியத்தைக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் ஒழுங்குபடுத்தினார்கள். தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. எல்லாம் வீட்டில் இருக்கிற சாமான், தெரிந்த பெயர், செலவு சொற்பம். எதை எவ்வளவு, நாளைக்கு எத்தனை தடவை என்ற அளவும் உண்டு. ஆன்டிபயாடிக் செலவு குறைந்தால் உங்கள் பால் பாக்கெட்டுக்கும் நல்லது. ஆகவே நகரத்து வாசகர்களும் இதில் பங்குதாரர்களே.

ஆனால் இதையே ஒரு வீடியோவில் பார்க்கும்போது அளவு காணாமல் போகிறது. 'காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தமோ திரியோ வந்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள்' என்ற வரியும் காணாமல் போகிறது. பதிலுக்கு, பின்னணி இசை வருகிறது.

வெற்றிக் கதைகளிலும் இதே வியாதி. ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் கவனியுங்கள். வரவு இருக்கும். செலவில் அவருடைய சொந்த உழைப்பு, நிலத்தின் மதிப்பு, மோட்டார், முதல் மூன்று வருஷ நஷ்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அதே பயிரைப் போட்டுத் தோற்ற பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பேட்டி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தோற்றவரிடம் இருக்கும் பாடம் யாருக்கும் வேண்டாமாயிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்குக் கொடுத்த விலை ஒன்று நமக்கு ஞாபகம் இருக்க வேண்டும். 2012-ல் கொங்குப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. பறவையை எப்படி வளர்ப்பது, என்ன தீனி, எவ்வளவு இடம் என்று பாடம் நடத்தியிருந்தார்கள். குஞ்சு கொடுத்தார்கள், மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னார்கள். சினிமாக்காரர்கள் டி.வி.யில் வந்து சிபாரிசு செய்தார்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை: இந்தப் பறவையைக் கடைசியில் யார் சாப்பிடப் போகிறார்கள்? 'நாங்களே வாங்கிக்கிறோம்' என்றார்கள். அவர்கள் ஓடிப்போனதும் தீனி போட முடியாமல் பசியோடு பறவைகள் நின்றன, சேமிப்பைப் போட்டவர்கள் கலெக்டர் ஆபீஸில் நின்றார்கள். அந்தச் சமயத்தில் 'கணக்கு உதைக்கிறது' என்று உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் நம்முடைய சம்பளம் வாங்கும் வாத்தியார்கள். அவர்கள் குரல் விளம்பரத்தை மீறிக் கேட்கவில்லை.

*

ஆகவே, விவசாயப் பாடம் எதைப் பார்த்தாலும், அது அரசாங்க நோட்டீஸோ, டி.வி.யோ, பத்திரிகைக் கட்டுரையோ, நான்கு கேள்விகள் கேட்டு மார்க் போடலாம் என்பது என் யோசனை. ஏன் செய்ய வேண்டும் என்று காரணம் சொல்கிறதா? அவர் கையில் இருக்கும் அளவையில், அதாவது ஏக்கர், மூட்டை, டேங்க், மூடியில் சொல்கிறதா? என்ன செலவு, பலிக்காவிட்டால் என்ன நஷ்டம் என்று சொல்கிறதா? வேலையை நிஜமாகச் செய்கிறவரிடம் பேசுகிறதா? நான்குக்கு இரண்டு வாங்கினாலே பாஸ் போட்டுவிடலாம். தமிழில் முதல் வகுப்பு அபூர்வம்.

இதை நகரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களில் சிலர் இந்தப் பிரசுரங்களை எழுதும் துறைகளில் வேலை பார்க்கிறீர்கள். சிலர் டி.வி.யில், பத்திரிகையில், செயலி எழுதும் கம்பெனியில். இன்னும் பலருக்கு ஊரில் அப்பாவோ அண்ணனோ விவசாயம் பார்க்கிறார்கள். 1551 என்ற நம்பரோடு 2004-ல் தொடங்கிய கிஸான் கால் சென்டர் இப்போது 1800-180-1551-ல் தமிழிலும் பதில் சொல்கிறது. கேட்பதற்குக் காசில்லை. தமிழ்நாடு அரசின் 'உழவன்' செயலி 2018-லிருந்து இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டையும் அவர்களோடு உட்கார்ந்து முயற்சி செய்து பாருங்கள். அண்ணனோடு நிறுத்திக்கொள்ளாமல் அண்ணியையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். மாடு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் கேள்வி இருக்கும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன பரீட்சை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பிரசுரத்தைப் பத்தாவது படிக்கும் ஒரு பையனிடம் கொடுங்கள். ஒன்றேகால் ஏக்கருக்கு எத்தனை டேங்க், டேங்குக்கு எவ்வளவு மருந்து என்று கேளுங்கள். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டால் அச்சடிக்கலாம். சொல்ல முடியாவிட்டால் தப்பு பையனிடம் இல்லை. திருப்பி எழுதுங்கள்.